ஒரு போராட்டப் பாடகரின் வாழ்க்கையை மேடையில் சொல்வது எப்படி?

சிங்கப்பூரில் வட்டார நூலகத்தின் நிகழ்ச்சி அறையிலோ சமூக மன்றத்திலோ, ஓர் ஆளுமையைப் பற்றித் தமிழில் நாற்பது, ஐம்பது நிமிடம் பேச ஒப்புக்கொண்டவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நெருங்கும்போது இத்தகைய அழைப்புகள் கூடுதலாக வரும். தலைவர்களையும் எழுத்தாளர்களையும் பற்றிப் பேச நமக்குப் பழகிய அச்சு ஒன்று உண்டு. பாடகராகவும் பாடலாசிரியராகவும் போராளியாகவும் வாழ்ந்த ஒருவருக்கு அந்த அச்சு பொருந்துவதில்லை. பிறப்பு, படிப்பு, திருமணம், விருதுகள், மறைவு என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு பாடலை ஒலிக்கவிட்டு முடித்தால், வந்தவர்கள் ஆண்டுகளைக் கேட்டுவிட்டுப் போவார்கள். ஆளைக் கண்டிருக்க மாட்டார்கள்.

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரை வைத்துக்கொள்கிறேன். 1919 மே 3 அன்று நியூயார்க்கில் பிறந்து, 2014 ஜனவரி 27 அன்று 94 வயதில் மறைந்தவர். அவர் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவர் பரப்பிய பாடல் ஒன்றின் மெட்டை எங்காவது பாடியிருப்பார்கள். அவரைத் தேர்ந்தெடுக்க வேறொரு காரணமும் உண்டு. ஒரு பேச்சாளருக்கு வரக்கூடிய எல்லாச் சிக்கல்களும் அவர் வாழ்க்கையில் இருக்கின்றன: நீதிமன்ற வழக்கு, கட்சி அரசியல், பிறர் பாடல்களை எடுத்தாண்டதால் எழுந்த பணக் கேள்வி, பலர் பலவிதமாகச் சொல்லும் கட்டுக்கதை. இவருக்காக வகுக்கும் முறை வேறு எந்த மக்கள் பாடகருக்கும் பெரும்பாலும் பொருந்திவிடும். அந்த முறையை ஒரே வரியில் சொல்வதானால், பாடலைப் பிடித்துக்கொண்டு வாழ்க்கைக்குள் போக வேண்டும். வாழ்க்கையைச் சொல்லிமுடித்து அலங்காரத்துக்குப் பாடலை ஒட்டக் கூடாது.

முதலில் ஓர் அட்டவணை

பேச்சை எழுதத் தொடங்குவதற்கு முன் மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரியுங்கள். இடப்பக்கத்தில் அவருடைய வாழ்க்கை நிகழ்வுகள், நடுவில் அவர் எழுதிய அல்லது பாடிய பாடல்கள், வலப்பக்கத்தில் அந்தந்த ஆண்டில் நாட்டிலும் உலகிலும் நடந்தவை. இது உங்கள் பார்வைக்கு மட்டும் உரியது. இதைத் திரையில் காட்டுவதைப் போல அவையைத் தூங்கவைக்கும் வழி வேறில்லை.

தொடக்கத்தில் வேலை சலிப்பாகத்தான் இருக்கும். 1936இல் வட கரோலினா மாநிலத்தின் ஆஷ்வில் நகரில் நடந்த நாட்டுப்புற விழாவில் ஐந்து தந்தி பாஞ்சோவின் ஒலியைக் கேட்டு அதில் மனத்தைப் பறிகொடுத்தார். 1938இல் ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டார். அடுத்த ஆண்டு வாக்கில் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் நாட்டுப்புறப் பாடல் காப்பகத்தில் நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸுக்கு உதவியாளராக இருந்து ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தரம்பிரித்தார். 1940 மார்ச்சில், இடம்பெயர்ந்த பண்ணைத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்டிய ஒரு கச்சேரியில் நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரியைச் சந்தித்தார். தந்தை இசை ஆய்வாளர், தாய் வயலின் கலைஞர் என்பதையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளலாம். இவற்றுக்கெல்லாம் சேர்த்து மேடையில் மூன்று நிமிடம் போதும்.

1941ஆம் ஆண்டின் வரிசைக்கு வரும்போதுதான் அட்டவணை பேசத் தொடங்கும். அந்த ஆண்டு முற்பாதியில், சீகர் இருந்த அல்மனாக் பாடகர்கள் குழு, அமெரிக்கா போரில் இறங்கக் கூடாது என்றும் கட்டாய ராணுவச் சேர்ப்பு கூடாது என்றும் வலியுறுத்தும் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட்டது. ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின்மீது படையெடுத்தது. இசைத்தட்டு விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதே குழு அடுத்த ஆண்டில் ஹிட்லருக்கு எதிரான போரை ஆதரித்துப் பாடிக்கொண்டிருந்தது; சீகரும் 1942இல் ராணுவத்தில் சேர்க்கப்பட்டுப் பசிபிக் பகுதிக்குப் போனார். மூன்று பத்திகளையும் ஒரே வரிசையில் படித்தால், பாடலின் கருத்து மாறியது பாடகரின் மனமாற்றத்தால் மட்டும் அன்று, கம்யூனிஸ்டுக் கட்சியின் நிலைப்பாடு மாறியதாலும்தான் என்பது புலப்படும். பதினேழு வயதிலேயே அக்கட்சியின் இளைஞர் அமைப்பில் சேர்ந்தவர் அவர்.

இதைச் சொல்லலாமா, விட்டுவிடலாமா என்ற தயக்கம் வரும். சொல்லுங்கள். போற்றுவதற்காக அழைக்கப்பட்ட மேடையில் குறை சொல்வது மரியாதை இல்லை என்று நம்மில் பலர் நினைப்பதால்தான் நம்முடைய ஆளுமை உரைகள் பெரும்பாலும் வாழ்த்துமடல்களாகப் போய்விடுகின்றன. சீகரே கட்சியை விட்டு 1950 வாக்கில் விலகினார்; முதிய வயதில், ஸ்டாலினின் கொடுமையை முன்பே உணராமல் போனதற்கு வெளிப்படையாக வருந்தி, 2007இல் ஸ்டாலினைக் கண்டித்து ஒரு பாடலையும் எழுதினார். அவரே மறைக்காததை நாம் மறைப்பதில் பொருளில்லை. 1941ஐயும் 2007ஐயும் அடுத்தடுத்துச் சொன்னால் அறுபத்தாறு ஆண்டுகள் ஒரு மனிதருக்குள் என்ன செய்தன என்பது அவைக்குத் தானாகவே விளங்கும். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே தேடுவது

வெளிநாட்டுப் பாடகரைப் பற்றித் தமிழில் பேச இங்கே என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. எஸ்பிளனேடில் உள்ள நூலகம் நிகழ்கலைகளுக்கென்றே 2002இல் தொடங்கப்பட்டது. பாடகர் வரலாறுகளையும் இசைக்குறிப்பு நூல்களையும் அங்கே முதலில் பாருங்கள். விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்தின் மேற்கோள் பிரிவில் உள்ள நூல்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. எனவே குறிப்பேட்டுடன் போய் அரைநாள் உட்கார வேண்டும். நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையத்தளத்தில் இந்தப் பகுதியின் பழைய ஆங்கில நாளிதழ்களும் 1930களிலிருந்து தமிழ் முரசும் மின்வடிவில் இருக்கின்றன. தமிழ் முரசில் தேடும்போது ஒரே பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தட்டிப் பாருங்கள். சீகர், சீஜர், ஸீகர் என்று அக்கால உதவி ஆசிரியர் எப்படி எழுதியிருப்பார் என்று ஊகிக்க முடியாது. தேடுவது பாடகரின் பெயராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அவர் பாடிய போராட்டங்கள் நம்மூர்ப் பத்திரிகையில் அன்றைக்கு எப்படிச் செய்தியாயின என்பதே உங்கள் பேச்சுக்குக் கூடுதல் பயன் தரலாம்.

கிடைத்தவை எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு கொடுக்க வேண்டாம். விசாரணையின் எழுத்துப்பதிவு, நீதிமன்றத் தீர்ப்பு, தேதியிட்ட ஒலிப்பதிவு ஆகியவை முதல் வரிசை. பாடகர் தம் வாயால் சொன்னது அடுத்த வரிசை. எழுபது வயதில் இருபது வயதை நினைவுகூரும்போது யாருக்கும் சற்றே மெருகேறிவிடும். ரசிகர் சொன்ன கதை அதற்கும் பின்னால்.

இதற்கு நல்ல சோதனை 1965 நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாக் கதை. அந்த ஜூலையில் பாப் டிலன் மின்கிதாருடன் மேடையேறியபோது, பின்னால் நின்ற சீகர் கோடரியைத் தூக்கிக்கொண்டு மின்கம்பியை வெட்ட ஓடினார் என்று சொல்லப்படுவதுண்டு. கேட்க நன்றாக இருக்கும். பழைமை புதுமையை வெட்டப் பாய்ந்தது என்ற உருவகமும் இலவசமாகக் கிடைக்கும். சீகர் பின்னாளில் கொடுத்த விளக்கம் வேறு. ஒலி சிதைந்து பாடலின் சொற்கள் புரியவில்லை, கையில் கோடரி இருந்தால் கம்பியை வெட்டிவிடுவேன் என்று கோபத்தில் சொன்னதாகவும், மின்கருவி தம் எதிரியல்ல என்றும் அவர் விளக்கினார். கதையை விடவும் மனம் வராவிட்டால் இரண்டையும் சொல்லுங்கள், ஆனால் எது கதை, எது அவர் கூற்று என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். ‘என்று கூறப்படுகிறது’ என்ற வாலை மட்டும் எல்லா வாக்கியங்களிலும் ஒட்டாதீர்கள். கூறியவர் யார் என்று சொல்ல முடியாத செய்தியை நீக்கிவிடுவதே நல்லது.

பாடலின் வழியே போவது

மூன்று பாடல்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒவ்வொன்றும் பாடகரின் வாழ்க்கையில் வெவ்வேறு கதவைத் திறப்பதாக இருக்க வேண்டும். சீகருக்கு நான் பரிந்துரைப்பவை: அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்தின் கீதமாகிய ‘நாம் வெல்வோம்’ என்னும் பாடல், ஒரு பயிற்சிப் படைப்பிரிவு ஆற்றைக் கடக்கும் கதைப்பாடல், ஹட்சன் ஆற்றுக்காக அவர் பாடியவற்றுள் ஏதேனும் ஒன்று.

முதல் பாடலை எடுத்துக்கொண்டால், அதைச் சீகரின் பாடல் என்று அறிமுகப்படுத்துவதே முதல் தவறாகும். அதன் வேர் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களில் இருக்கிறது. 1945-46இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் புகையிலைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி அதை மெதுவாக இழுத்துப் பாடிவந்தார். அந்தத் தொழிலாளர்களிடமிருந்து டென்னசி மாநிலத்தின் ஹைலாண்டர் பள்ளியில் இசை கற்பித்த சில்ஃபியா ஹார்ட்டன் கற்றார். 1947இல் அவரிடமிருந்து சீகர் கற்றார். 1960இல் கை கரவான் என்ற பாடகர் அதை மாணவர் போராட்டக்காரர்களிடம் கொண்டுசேர்த்தார். வேலைநிறுத்தக் கூடாரம், தொழிலாளர் பள்ளி, மாணவர் மாநாடு என்று மூன்று இடங்களில் நான்கு கைகள் மாறிய பிறகே உலகம் அதைக் கேட்டது. இந்த வரிசையை அப்படியே சொன்னால், சீகரின் உண்மையான பணி என்ன என்பது விளங்கிவிடும்: கேட்டதை வாங்கி, கொஞ்சம் திருத்தி, அடுத்தவர் பாடும்படி கொடுப்பது. இந்தியாவுக்கு வந்து கிரிஜா குமார் மாத்தூரின் இந்தி வரிகளில் அது பள்ளிக்கூடப் பாடலாகவே ஆகிவிட்டது. தமிழகத்திலோ வட இந்தியாவிலோ படித்துவிட்டு இங்கே குடியேறியவர்கள் அவையில் இருந்தால், மெட்டைத் தொடங்கியதுமே முகங்களில் அடையாளம் தெரியும்.

இந்த இடத்தில் நம் கதைக்கு ஒரு சிறு கிளை விரிக்கலாம். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் கங்காணியையும் கப்பலையும் பற்றிக் கட்டிய பாடல்களுக்கும் பாடலாசிரியர் பெயர் கிடையாது. உங்கள் அவையிலேயே ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து சிங்கப்பூருக்கு வந்த பெரியவர்கள் இருக்கக்கூடும். ‘பாட்டி, ஒரு பாட்டுச் சொல்லுங்கள்’ என்று மேடையிலிருந்து கேட்டால் கூச்சப்படுவார்கள். நிகழ்ச்சிக்கு முன்பே வீட்டுக்குப் போய், தேநீருடன் உட்கார்ந்து, ‘வெட்டுக்காட்டுக்கு விடியற்காலை எத்தனை மணிக்குப் போவீர்கள்?’ என்று வேலையைப் பற்றிக் கேட்கத் தொடங்குங்கள். வேலையைச் சொல்லிக்கொண்டே வரும்போது பாட்டு நடுவில் தானாக வந்து விழும். கைப்பேசியில் பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். பதிவின் தொடக்கத்தில் நாளையும் இடத்தையும் உங்கள் குரலில் சொல்லிவையுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இப்படிப்பட்ட குரல்களைச் சேர்த்துவருகிறது. அந்த நேர்காணல்களில் சிலவற்றைக் கேட்டுவிட்டுப் போனால், எங்கே குறுக்கிடாமல் இருக்க வேண்டும் என்பது பிடிபடும்.

பாடலின் வழியே போகும்போது பணம் எங்கே போனது என்பதையும் பின்தொடருங்கள். குடியுரிமைக் கீதத்தின் உரிமையைச் சீகரும் மற்ற மூவரும் தங்கள் பெயர்களில் பதிவு செய்து, வருமானத்தைத் தெற்கு மாநிலங்களின் கறுப்பினச் சமூகங்களுக்கான நிதிக்குக் கொடுத்தார்கள். 2018இல் வழக்கு ஒன்று சமரசத்தில் முடிந்து அந்தப் பாடல் பொதுச்சொத்தானது. இதற்கு நேர்மாறான கதை தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டாவுடையது. 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் அவர் பதிவு செய்த பாடல் சீகரின் வீவர்ஸ் குழுவின் வழியாக அமெரிக்காவுக்குப் போய்ப் பிறர் கைகளில் பெரும்பணம் ஈட்டியது; லிண்டா 1962இல் ஏழையாகவே இறந்தார். விவரம் தெரிந்தபின் சீகர் ஆயிரம் டாலர் அனுப்பினார், பங்கும் அவருக்கே போகட்டும் என்று சொன்னார், ஆனால் அது ஒழுங்காகப் போய்ச்சேருகிறதா என்று தொடர்ந்து கவனிக்கவில்லை. லிண்டாவின் பிள்ளைகளுக்கு நியாயமான உடன்பாடு 2006இல்தான் கிடைத்தது. பாடகரின் பெருந்தன்மைக்கு ஒன்றும் கவனக்குறைவுக்கு ஒன்றுமாக இரண்டு கதைகளையும் அருகருகே வைப்பதே என் வழக்கம்.

இரண்டாம் பாடலுக்கு முன்னுரையே தேவைப்படாது. 1942இல் லூயிசியானாவில் பயிற்சி எடுக்கும் படைப்பிரிவு ஒன்றை, ஆழம் தெரியாத ஆற்றுக்குள் இறங்கி முன்னேறும்படி அதன் அதிகாரி விரட்டுகிறார். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று நீர் ஏறுகிறது. கடைசியில் அதிகாரியே மூழ்கிப்போகிறார். வியட்நாம் என்ற பெயர் பாடலில் எங்கும் இல்லை. 1967இல் ஒரு பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் சீகர் இதைப் பாடியபோது நிறுவனம் அதை வெட்டிவிட்டது. எதிர்ப்புக் கிளம்பியபின் 1968 பிப்ரவரியில் மீண்டும் அழைத்துப் பாடவைத்து ஒளிபரப்பியது. சிங்கப்பூரில் கட்டாயத் தேசிய சேவை தொடங்கியதும் அதே 1967இல்தான். முதுகுப்பையுடன் சேற்றில் நடந்தவர்கள் நிறைந்த அவையில் இந்தக் கதையைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அதிகாரி பேசும் இடத்தில் சிரிப்பும், நீர் கழுத்தை எட்டும் இடத்தில் அமைதியும் வரும். இரண்டையும் கலைக்காமல் ஒரு மூச்சு காத்திருந்து அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

1955 விசாரணையை எப்படிச் சொல்வது

ஒவ்வொரு போராட்டப் பாடகரின் வாழ்க்கையிலும் அதிகாரத்தை நேருக்கு நேர் சந்தித்த ஒரு நாள் இருக்கும். அந்த நாளுக்குப் பேச்சின் கால்வாசி நேரத்தைக் கொடுங்கள்.

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடலாம். 1950இல் வீவர்ஸ் குழு பாடிய ஒரு பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் பதின்மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அதைப் பாடிப் பரப்பிய கறுப்பினப் பாடகர் லீட்பெல்லி அதற்கு முந்தைய டிசம்பரில் இறந்துவிட்டிருந்தார். அட்டவணையில் இந்த இரண்டு வரிகளும் அருகருகே நிற்பதைக் காணும்போது மனம் கனக்கும். அதற்குள் கம்யூனிஸ்டு வேட்டை சூடுபிடித்து, குழுவின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறி, வானொலியும் அரங்குகளும் கதவடைத்து, 1952இல் குழு கலைந்தது. 1955 ஆகஸ்ட் 18 அன்று நியூயார்க்கில், நாடாளுமன்றத்தின் அமெரிக்க விரோத நடவடிக்கைகள் விசாரணைக் குழுவின் முன் சீகர் நிறுத்தப்பட்டார்.

அன்று என்ன நடந்தது என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பதிவு இருக்கிறது. எனவே கற்பனையாக உரையாடல் எழுத வேண்டாம். இரண்டு குரல்களில் வாசியுங்கள். கேள்வி கேட்பவராக நண்பர் ஒருவர் அவைக்குள்ளிருந்தே எழுந்து நின்று வாசிக்கட்டும். குழு, இன்ன நாளில், இன்ன கூட்டத்தில், இன்ன பாடலைப் பாடினீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. அவரோ, தம் தொடர்புகளைப் பற்றியும் சமய, அரசியல் நம்பிக்கைகளைப் பற்றியும் எந்தத் தேர்தலில் எப்படி வாக்களித்தார் என்பதைப் பற்றியும் பதில் சொல்லப்போவதில்லை, எந்த அமெரிக்கரிடமும் கேட்கத் தகாத கேள்விகள் இவை என்கிறார். பாடல்களைப் பற்றிப் பேசத் தயார், விரும்பினால் இங்கேயே பாடிக்காட்டவும் தயார், ஆனால் எங்கே, யாருக்காகப் பாடினேன் என்று சொல்ல மாட்டேன் என்கிறார். குழுவுக்குப் பாட்டில் விருப்பமில்லை. சொற்களை உங்கள் தமிழில் சுருக்கிச் சொல்லும்போது அது சுருக்கம் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

சட்ட நுணுக்கம் ஒன்றை மட்டும் தெளிவாக விளக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் துணிச்சலின் அளவு புரியாது. அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையைத் தருகிறது. அதைச் சொல்லிப் பலர் சிறைக்குத் தப்பினார்கள். அதற்கு விலையாகக் குற்றவாளி என்ற சந்தேகத்தைச் சுமந்தார்கள். சீகர் அந்தக் கேடயத்தை எடுக்காமல், பேச்சுரிமையைக் காக்கும் முதல் திருத்தத்தின் உணர்வில் நின்றார்: ‘என்னைக் காப்பாற்று’ என்பதற்குப் பதிலாக ‘இதைக் கேட்க உனக்கு உரிமை இல்லை’ என்றார். 1957இல் நாடாளுமன்ற அவமதிப்புக் குற்றச்சாட்டு பதிவானது. வெளியூர் போகும்போதெல்லாம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. 1961இல் பத்துக் குற்றச்சாட்டுகளுக்கும் ஏககாலத்தில் அனுபவிக்க ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பாஞ்சோவுடன் வந்தவர் நீதிமன்றத்தில் பாட அனுமதி கேட்க, நீதிபதி மறுத்தார். பிணையில் வெளிவந்தார். 1962 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றப்பத்திரிகையே குறைபாடுடையது என்று தண்டனையை ரத்துசெய்தது. கொள்கை வென்றது என்று கைதட்டல் வாங்க ஆசை வரும். தீர்ப்பு நுணுக்கக் காரணத்தால் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அந்த ஆண்டுகளில் அவர் எப்படிப் பிழைத்தார் என்ற கேள்வியை நம் அவையில் நிச்சயம் ஒருவர் கேட்பார். பெரிய அரங்குகள் மூடியபோது அவர் பள்ளிகளுக்கும் கோடை முகாம்களுக்கும் கல்லூரிகளுக்கும் போய்க் குறைந்த கட்டணத்தில் பாடினார். கறுப்புப் பட்டியல் அவரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்துக் குழந்தைகளிடம் அனுப்பிவைத்தது. பத்தாண்டு கழித்து வளர்ந்து கிதாரைத் தூக்கியவர்களில் பலர் அந்தக் குழந்தைகளே. எனக்கு அவர் வாழ்க்கையில் மிகப் பிடித்த பகுதி இதுதான், வழக்கைவிடவும்.

மனைவியை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்

‘மனைவியின் உறுதுணையுடன்’ என்ற தொடரை எழுதும் கை சற்று நிற்கட்டும். டோஷி ஓட்டாவின் தந்தை ஜப்பானியர், தாய் அமெரிக்கர். இருவரும் மணந்தது 1943இல், ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்துவைத்திருந்த காலத்தில். அவர்களை நாடு கடத்தக் கோரிய ஓர் அமைப்பைக் கண்டித்துச் சீகர் எழுதிய கடிதத்திலிருந்தே அவர்மீதான உளவுத்துறைக் கோப்பு தொடங்கியது. நியூயார்க்குக்கு வடக்கே ஹட்சன் ஆற்றைப் பார்த்த மலைச்சரிவில் இருவரும் மரக்குடிசை ஒன்றைக் கட்டினார்கள். முதலில் மின்சாரமும் குழாய்நீரும் இல்லை. 1949 செப்டம்பரில் பீக்ஸ்கில் என்ற ஊரில் கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் கச்சேரி முடிந்து திரும்பியவர்கள்மீது கும்பல் கல்லெறிந்தபோது சீகர் குடும்பத்தின் காரும் தப்பவில்லை. உள்ளே வந்து விழுந்த கற்களில் சிலவற்றைச் சீகர் தம் வீட்டுப் புகைபோக்கியில் வைத்துக் கட்டினார். நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்ததும் கடிதங்களுக்குப் பதில் எழுதியதும் கணக்கு பார்த்ததும் பிள்ளைகளை வளர்த்ததும் டோஷி. அவர் 2013 ஜூலையில் இறந்தார். ஆறு மாதம் கழித்துச் சீகர்.

ஆறு

சீகரின் பிற்பகுதி வாழ்க்கையைச் சிங்கப்பூர் அவையிடம் கொண்டுசெல்வதற்கு மிக எளிய வழி நம் ஆற்றின் வழிதான். ஹட்சன் ஆறு ஆலைக்கழிவாலும் சாக்கடையாலும் நாறிக்கொண்டிருந்தபோது, பழங்காலப் பாய்மரச் சரக்குப் படகின் வடிவில் 106 அடி நீளமுள்ள ஒரு படகை மக்களிடம் நிதி திரட்டிக் கட்டி 1969இல் நீரில் இறக்கினார்கள். ஊர் ஊராக அதை நிறுத்தி, கரையில் பாடி, பள்ளிப்பிள்ளைகளை ஏற்றி நீரில் வலை வீசி உயிரினங்களைக் காட்டினார்கள். 1972இல் வந்த கூட்டாட்சி நீர்ச்சட்டத்துக்கு ஆதரவு திரட்டியதில் அந்தப் படகுக்கும் பங்கு உண்டு. முப்பது ஆண்டு அளவில் ஒரு மின்சாதன நிறுவனம் கொட்டிய நச்சு வேதிப்பொருளைத் தூர்வாருவது மட்டும் 2009இல்தான் தொடங்கியது.

சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்யும் பணி 1977 முதல் 1987 வரை பத்தாண்டில் முடிந்தது. அங்கே பாடகரும் மீனவரும் ஆசிரியரும் கீழிருந்து தள்ளினார்கள். இங்கே அரசு மேலிருந்து திட்டமிட்டு, பன்றி, வாத்துப் பண்ணைகளை அகற்றி, அங்காடிக்காரர்களை இடம்மாற்றி, 1983இல் சரக்குத் தொங்கான்களைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பியது. எது மேல் என்று பேச்சாளர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஆற்றின் நாற்றத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை எழுந்து பேசச் சொல்லி இரண்டு நிமிடம் விட்டுக்கொடுங்கள். படக்காட்சி எதுவும் அதற்கு ஈடாகாது.

ஒலியும் உரிமையும்

ஒலிப்பதிவை ஐம்பது விநாடிக்கு மேல் ஓடவிட வேண்டாம். எந்த விநாடியில் தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை உரைத்தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள். யூடியூபிலிருந்து நேரடியாக ஒலிக்கவிட்டால் விளம்பரம் குறுக்கே வரும். அறையின் ஒலிபெருக்கியை நிகழ்ச்சிக்கு முன்னதாகவே போய்ச் சோதித்துவிடுங்கள்.

2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பாடலாசிரியர் இறந்த பின்னும் எழுபது ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கும்; சீகர் எழுதியவை அந்தக் காலத்துக்குள்தான் இருக்கின்றன. முழுப்பாடலையும் தமிழில் பெயர்த்து அச்சிட்டுக் கொடுப்பதற்கு அனுமதி வேண்டும். விமர்சன நோக்கில் ஓரிரு வரிகளை ஆசிரியர் பெயருடன் எடுத்துக்காட்டுவது வேறு. பொது நிகழ்ச்சியில் பாடலைப் பாடவோ ஒலிக்கவிடவோ, இசைப் படைப்பாளர்களின் உரிமைகளை நிர்வகிக்கும் காம்பாஸ் அமைப்பின் உரிமம் இடத்துக்கு ஏற்கெனவே இருக்கிறதா என்று அறை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பொதுச்சொத்தாகிவிட்ட குடியுரிமைக் கீதத்தை அவையுடன் சேர்ந்து பாடுவதில் இந்தக் கவலை இல்லை.

சேர்ந்து பாடவைப்பதற்குச் சீகரின் உத்தியையே கையாளுங்கள். அடுத்த வரியை மெட்டுக்கு நடுவே முன்கூட்டியே சத்தமாகச் சொல்லிவிடுவார். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டு பாடும். கும்மியில் தலைப்பாட்டுக்காரி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடும் வழக்கம் நமக்கு இருப்பதால் தமிழ் அவைக்கு இது புதிதே இல்லை. கனமான குரல் உங்களுக்கு இல்லை என்றாலும் கவலை வேண்டாம். எடுத்துக்கொடுப்பவர் சற்றுக் குறைவாகப் பாடினால்தான் அவை நிறைத்துப் பாடும். சுருதியைத் தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கு உச்சத்தில் மூச்சு வாங்கும்.

கேள்வி நேரம்

‘அவர் கம்யூனிஸ்டா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். ஆம் என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், இளைஞர் அமைப்பில் சேர்ந்தது, 1950 வாக்கில் கட்சியிலிருந்து விலகியது, 2007இல் எழுதிய பாடல் என்று மூன்று காலக்குறிப்புகளையும் கொடுங்கள். ‘பாடலால் எதுவும் மாறியதா?’ என்று யாரேனும் சற்றுக் கேலியாகக் கேட்டால், சார்ல்ஸ்டன் தொழிலாளர்களையும் ஹட்சன் படகையும் சுட்டிக்காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ‘சிங்கப்பூருக்கு வந்திருக்கிறாரா?’ என்பதற்கு நாளிதழ்க் காப்பகத்தில் நீங்கள் கண்ணால் கண்ட செய்தி இருந்தால் மட்டுமே பதில் சொல்லுங்கள். விருதுகளைப் பற்றிக் கேட்டால் கிராமி வாழ்நாள் சாதனை விருது 1993, அமெரிக்க அரசின் கலைப் பதக்கம் 1994 என்பவை கையில் இருக்கட்டும். 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்பை ஒட்டி லிங்கன் நினைவிடத்தின் முன் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுடன் நின்று, உடி கத்ரியின் பாடலை வழக்கமாக விடப்படும் வரிகளையும் சேர்த்து அவர் பாடினார் என்பதையும் அதோடு சொல்லலாம்.

யாராவது உங்கள் பேச்சில் ஒரு தேதியைத் திருத்தினால், அங்கேயே வாதாடாமல் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் அட்டவணையில் சரிபார்த்து, அவருக்கு மறுநாள் எழுதித் தெரிவியுங்கள்.